மூன்றாம் கட்டிலின் வயிறு

கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற அந்த ஊர் இளம் டாக்டர்களில் பாதிப் பேர், ஒரு காலத்தில் பலகை என்று பெயர் வாங்கிய மனிதரின் வயிற்றை அமுக்கிப் பார்த்தவர்கள்தான். அமுக்கி, தட்டி, காது கொடுத்துக் கேட்டு, 'இயல்பான வயிறு' என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனவர்கள். பலகையின் உத்தியோகமே அதுதான். மருத்துவக் கல்லூரியின் செய்முறைக் கூடத்தில், மூன்றாம் நம்பர் கட்டிலில், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மல்லாந்து படுத்திருக்க வேண்டும். "படுத்துக்கிட்டே சம்பளம் வாங்குற மகராசன்" என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். ஒரு நாளைக்கு நாற்பது பேர் வரிசையாக வந்து ஜில்லென்ற கையை அடிவயிற்றில் வைத்தால் தெரியும் சங்கதி.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் பெயிண்டர். உடற்கூறு வகுப்பறைக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர், புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றிவிட்டு, ஏணியில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கூரை மூலையைப் பூசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வகுப்பு கிடையாது என்று அவரிடம் சொன்ன புண்ணியவான் யாரோ தெரியவில்லை. முப்பது மாணவர்களோடு துறைத்தலைவி உள்ளே வந்துவிட்டார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, சிரிப்பதைக்கூட யோசித்துச் செய்கிற அம்மாள். அன்றைய பாடம் வயிற்றுச் சுவர். சுவரில் மாட்ட வேண்டிய படமோ, பெயிண்ட் படாமல் இருக்கச் சுருட்டி எங்கேயோ வைக்கப்பட்டிருந்தது. அம்மாள் வெறும் சுவரைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், கையிலிருந்த ஸ்கேலை நீட்டினார்.

"படம் எதுக்கு? மேல பாருங்க எல்லாரும்."

சட்டை போடாததற்குத் திட்டப் போகிறார்கள் என்று நினைத்த பெயிண்டர், பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டுச் சட்டையைத் தேடினார்.

"அசையாதீங்க! கையை மேலயே வெச்சுக்குங்க."

போலீஸ்காரர்கூட அதுவரை அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. கையைத் தூக்கியபடி அவர் ஏணியில் நிற்க, கீழே பாடம் நடந்தது. இதோ தொப்புளுக்கு இரண்டு பக்கமும் நெட்டாக ஓடுகிற தசைகள், இதோ அவற்றைக் குறுக்கே பாத்தி கட்டினாற்போல் பிரிக்கும் கோடுகள். விலாப் பக்கத்தில் மூன்று அடுக்குத் தசை. மேலடுக்கின் இழை கால்சட்டைப் பையில் கைவிடுகிற திசையில் ஓடும், அடுத்தது அதற்கு எதிர்த்திசையில், அதற்கும் உள்ளே இருப்பது படுக்கைவாட்டில். மூன்றும் நார்ப்பட்டையாகி நடுவயிற்றில் வந்து சேருகிற பள்ளத்துக்கு வெண்கோடு என்று பெயர். அங்கே தசையே கிடையாது, வெறும் நார்தான்.

சுவர், அடுக்கு, நடுவில் இணைப்பு என்றெல்லாம் காதில் விழுந்ததும் பெயிண்டருக்குத் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. "அப்ப அந்த இடத்துல விரிசல் விடுமா மேடம்?" என்று மேலே இருந்தபடியே கேட்டார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. துறைத்தலைவி சிரிக்கவில்லை.

"நல்ல கேள்வி. சிலருக்கு விடும். உங்களுக்கு விடாது. கல்லு மாதிரி இருக்கு."

அடுத்த வாரமே ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். வயிறு அவ்வளவு மட்டமாக இருந்ததால் மாணவர்கள் வைத்த பெயர் பலகை. பிற்பாடு அந்தப் பெயர் வேறு விதத்திலும் பொருந்திப்போயிற்று. ஸ்கெட்ச் பேனாவை எடுத்து நெடுக்கே இரண்டு கோடு, குறுக்கே இரண்டு கோடு இழுத்து, ஒன்பது கட்டமாக்கி, கட்டத்துக்குக் கட்டம் கல்லீரல், இரைப்பை, மண்ணீரல், குடல்வால் என்று அவர் மேலேயே எழுதிப் படித்தார்கள்.

வேலைக்கு விதிமுறைகள் உண்டு. வகுப்புக்கு முந்தின நாள் முட்டைக்கோஸ் சாப்பிடக் கூடாது. இதை அவர் ஒரு தடவை மீறி, குடல் சத்தம் கேட்க ஸ்டெதஸ்கோப் வைத்த பையன் காதைப் பொத்திக்கொண்டு துள்ளிக் குதித்த கதை இன்றும் கல்லூரியில் உலவுகிறது. அமுக்கும்போது வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். பரீட்சையில் யாருக்கும் ஜாடை காட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, கேட்டால் ஒழியத் தலையைத் தூக்கக் கூடாது. தலையைத் தூக்கினால் வயிற்றுத் தசை இறுகிவிடும். உள்ளே இருப்பது எதுவும் கைக்கு அகப்படாது. "தலை தலகாணியில இருந்தாத்தான் வயிறு என்னோடது. தூக்கிட்டீங்கன்னா வயிறு உங்களோடது" என்பார் துறைத்தலைவி.

படிக்காமலே அவருக்குப் பாடம் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும், பன்னிரண்டு வருஷமாக அவர் மேலேயே நடக்கிறதே. வீட்டில் ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு, "இந்நேரம் இரைப்பைக்குள்ள விழுந்திருக்கும். இனி நாலு மணி நேரம் அங்க அரைச்சல்தான்" என்பார். மனைவி இதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அவள் வேலை செய்வது சலவைக் கடையில். துணி வெளுப்பதிலும் இஸ்திரி போடுவதிலும் கெட்டி. ஒரு நாள் அந்தக் கடைக்கே போய்க் கொடிக்கயிற்றை அவிழ்த்து, "சிறுகுடல் இதைவிட நீளம் தெரியுமா, ஆறு மீட்டர், அப்படியே மடிச்சு மடிச்சு இத்தனூண்டு இடத்துல வெச்சிருக்கு" என்று தன் வயிற்றுக்கு முன்னால் சுருட்டிக் காட்டினார். "துணி காயணும், கயித்தை வைங்க" என்று பிடுங்கிக்கொண்டாள்.

அவளுக்கு அந்த உத்தியோகத்தின் மேலேயே கோபம். ஊரார் சட்டையில் எந்தக் கறை இருந்தாலும் போக்கிக் காட்டுகிறவளுக்கு, சொந்தப் புருஷன் பனியனில் படிகிற ஸ்கெட்ச் மை மட்டும் போவேனா என்றது. "ஊருல இருக்கற டாக்டருங்க அத்தனை பேருக்கும் உங்க வயித்தைத் தெரியும். கட்டிக்கிட்டவளுக்குக் கறைதான் மிச்சம்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனாலும் சொல்வாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பலகையின் முழங்கால் மக்கர் பண்ணியது. ஏணியில் ஏறினால் இறக்கிவிட ஆள் தேட வேண்டியிருந்தது. பெயிண்ட் வேலைக்கு முழுக்குப் போட்டார். அப்புறம் மூன்றாம் கட்டில்தான் முழுநேரப் பிழைப்பு. அதோடு, வெளியே அவர் யாரோ ஒருத்தர். உள்ளே போனால் அவர் வயிறு ஒரு அளவுகோல். மற்ற வயிறுகளில் என்ன கோளாறு என்று தெரிய, கோளாறு இல்லாத வயிறு எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும், அது இவருடையது. அந்தப் பெருமையை அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய். பஸ்ஸில்கூட நெஞ்சை நிமிர்த்தி வயிற்றை உள்ளிழுத்துத்தான் நிற்பார்.

ஐம்பது தாண்டியதும் தொப்பை எட்டிப் பார்த்தது. சலவைக் கடைக்குப் பக்கத்தில் பேக்கரி இருந்தது. மனைவியை அழைத்து வரப் போகிறேன் என்று தினமும் அரை மணி முன்னதாகப் போய் இரண்டு பன்னை உள்ளே தள்ளுவார். வேறு காரணம் தேட வேண்டாம். ஒரு நாள் துறைத்தலைவி கோடு போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தி, "இங்க பாத்தி எல்லாம் கொஞ்சம் மறையுதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பலகைக்கு அது போதும்.

மறுநாள் காலையிலிருந்து தேகப் பயிற்சி. கட்டிலுக்கு அடியில் பாதங்களைச் செருகிக்கொண்டு, தரையில் மல்லாந்து படுத்து, முக்கி முனகி எழுந்து உட்காருவது. முப்பதில் ஆரம்பித்து, அறுபதாகி, மூன்றாம் மாதம் நூற்றைத் தொட்டது. தொப்பை இம்மியும் குறையவில்லை, பேக்கரியும் மூடவில்லை. நூற்று ஆறாவதோ ஏழாவதோ தடவை எழும்போது, தொப்புளுக்கு மேலே இரண்டு விரல் தள்ளி, நட்ட நடுவில், சுருக்கென்றது. கை வைத்துப் பார்த்தார். பட்டாணி அளவில் ஒன்று விரலுக்குத் தட்டுப்பட்டது. படுத்து அமுக்கினால் உள்ளே போயிற்று. எழுந்தால் வந்து நின்றது.

வேறு யாராக இருந்தாலும் கொழுப்புக் கட்டி என்று விட்டிருப்பார்கள். இவருக்கு எல்லாம் தெரியுமே, அதுதான் வினை. வெண்கோட்டில் விரிசல். ஓட்டை வழியாக உள்ளிருந்த கொழுப்பு பிதுங்கிக்கொண்டு வருகிறது. அதற்கு ஹெர்னியா என்று பேர், அதற்குத் தையல் போட வேண்டும், தையல் போட்ட வயிறு இயல்பான வயிறு இல்லை. வருஷா வருஷம் துறைத்தலைவி பரிசோதித்து 'மூன்றாம் கட்டில்: இயல்பு' என்று கையெழுத்துப் போடுகிற ரெஜிஸ்டரில் அவருக்கு இடமில்லை. ஏணியும் இல்லை, கட்டிலும் இல்லை என்றால் மனிதர் எங்கே போவார்?

ஆகவே மறைத்தார். அதுவும் எப்படி மறைத்தார் என்கிறீர்கள்! கட்டிலில் ஏறும்போதே பெருவிரலால் பட்டாணியை உள்ளே தள்ளிவிடுவார். கோடு போடுகிற மாணவனிடம், "தம்பி, நடுக்கோட்டைக் கொஞ்சம் பட்டையா போடுங்க, பின்னாடி நிக்கிறவங்களுக்குத் தெரியட்டும்" என்பார். இருமச் சொன்னால் வயிறு அசையாமல் தொண்டையால் மட்டும் ஒரு செருமல். தலையைத் தூக்கச் சொன்னால் தோள் கட்டிலில் ஒட்டியிருக்க, மோவாயை மட்டும் நெஞ்சுப் பக்கம் கொண்டு வருவார். பார்க்கிறவனுக்குத் தலை தூக்கினாற்போல் இருக்கும், வயிற்றுக்கு விஷயமே போகாது. பன்னிரண்டு வருஷ அனுபவம் இல்லாத யாராலும் தன் வயிற்றையே இப்படி ஏமாற்றியிருக்க முடியாது.

வருடாந்தரப் பரிசோதனைதான் கண்டம் என்று பயந்துகொண்டிருந்தார். துறைத்தலைவியோ ரெஜிஸ்டரைத் திறந்து, வயிற்றில் ஒப்புக்கு ஒரு தட்டு தட்டிவிட்டு, "உங்க வயித்துல நான் புதுசா என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அத்தனை நம்பிக்கை. வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தாலும், வீட்டுக்கு நடக்கும்போது பலகைக்கு அது அவ்வளவாக இனிக்கவில்லை.

மனைவிதான் முதலில் மோப்பம் பிடித்தாள். பனியனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நடுக்கோட்டு மை இந்த இடத்துல மட்டும் ஏன் பொட்டு மாதிரி திட்டா அப்பியிருக்கு?" என்றாள்.

"பேனா ஒழுகுச்சு."

"தினமும் அதே இடத்துலயா ஒழுகுது?"

"நல்ல பேனா வாங்கச் சொல்றேன்" என்று பலகை நழுவினார். அவள் பனியனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போவது நல்லதற்கில்லை என்று அவருக்குத் தெரியும்.

இந்த லட்சணத்தில்தான் இறுதிப் பரீட்சை வந்தது. அதில் ஐஸும் வந்தாள்.

ஐஸ் என்பது மாணவியின் பெயரில்லை, கையின் பெயர். வெயில் காலத்திலும் அவள் கை குளிர்ந்தே இருக்கும். பயம் வந்தால் இன்னும் குளிரும், பரீட்சை என்றால் சொல்லவே வேண்டாம். முதல் தடவை வாயே திறக்காமல் நின்று கோட்டை விட்டாள். இரண்டாம் தடவை வாயைத் திறந்தாள், அது அதைவிட மோசமாகப் போயிற்று. பலகையின் வயிற்றில் கை வைத்தவள், நெட்டைத் தசையின் ஒரு பாத்தியைத் தொட்டுவிட்டு, "பெரிய கட்டி இருக்கு சார், உடனே ஆபரேஷன் பண்ணணும்" என்று சொல்லிவிட்டாள். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. 'என் தசையைக் கட்டின்னுட்டாளே' என்று பலகையும் வயிறு குலுங்கச் சிரித்தார்; அது குலுங்குவதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். அவள் மட்டும் அழுதுகொண்டே போனாள். இது மூன்றாம் தடவை. கல்லூரி விதிப்படி இதிலும் தவறினால் படிப்பையே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

போன தடவை பரீட்சைக்கு வந்த வெளியூர் டாக்டரே இந்தத் தடவையும் வந்திருந்தார். பருத்த உடம்பு, காதில் செருகிய பென்சில். ஒவ்வொரு கட்டிலிலும் என்ன இருக்கிறது என்று துறைத்தலைவி எழுதிக் கொடுத்த தாள் அவர் கையில் இருந்தது. முதல் கட்டிலில் வீங்கிய கல்லீரல், இரண்டாவதில் பெருத்த மண்ணீரல், மூன்றாவது இயல்பு. காலையிலிருந்து பதினோரு பேர் மூன்றாம் கட்டிலுக்கு வந்து, "இயல்பான வயிறு சார்" என்று சொல்லி முழு மார்க்கோடு போனார்கள். பலகை அன்றைக்குத் தன் வித்தைகளையெல்லாம் அவ்வளவு சுத்தமாகச் செய்தார்.

பன்னிரண்டாவது ஆளாக ஐஸ் வந்தாள். வெளியே சூடான டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றிருந்தவள் போலும், உள்ளங்கை சிவந்திருந்தது. "வணக்கம் அண்ணே. வயித்தைப் பாக்கலாமா?" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பாரும்மா."

கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். கை வைத்தாள். டீ என்ன, கொதிகலனையே கட்டிப் பிடித்திருந்தாலும் அந்தக் கை சூடாகியிருக்காது. ஆனால் அது போன தடவை மாதிரி நடுங்கவில்லை. இடப்பக்கம் அடிவயிற்றில் ஆரம்பித்து மெதுவாக மேலே ஏறியது. இது பெருங்குடலின் கடைசி வளைவு, இது மண்ணீரல் இருக்கிற மூலை, இது இரைப்பை, இது கல்லீரலின் ஓரம், இதோ வலப்பக்கம் இறங்கினால் குடல்வால். கை போகிற வழியெல்லாம் பலகையும் மனசுக்குள் கூடவே போனார். கெட்டிக்காரத்தனமாகத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அப்போது கை நடுவயிற்றுக்கு வந்தது. தொப்புளைத் தாண்டியது. நின்றது. இரண்டு விரலை மட்டும் வைத்து மறுபடி மெல்ல உருட்டியது.

சுருக்கென்றது. முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பார்த்தார். ஆனால் அவள் வயிற்றைப் பார்க்கவே இல்லை. அமுக்கும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நூறு பேரில் ஒருத்தர்கூடச் செய்ய மாட்டார்கள். இவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வலிக்குதா அண்ணே?"

"இல்ல" என்றார் பலகை.

"கொஞ்சம் இருமுங்க."

தொண்டையால் செருமினார்.

"தலையை மட்டும் தூக்குங்க."

மோவாயை நெஞ்சுக்குக் கொண்டுவந்தார். அவள் அவர் கழுத்தைப் பார்த்தாள், கட்டிலில் ஒட்டியிருந்த தோளைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது அவருக்கும் புரிந்துவிட்டது. நோயாளி ஏமாற்றுகிறார் என்று பரீட்சையில் எப்படிச் சொல்வது, எந்தப் புத்தகத்திலும் அது கிடையாதே.

எழுந்து நின்று வெளியூர் டாக்டரிடம் சொன்னாள். "சார், தொப்புளுக்கு மேல ரெண்டு விரல் தள்ளி, வெண்கோட்டுல, பட்டாணி அளவு ஒரு புடைப்பு. அமுக்கினா உள்ள போகுது. அங்க ஒரு ஓட்டை இருக்கு சார். ஹெர்னியா."

டாக்டர் தாளைப் பார்த்தார். குனிந்து, தன் தடித்த விரலால் அந்த இடத்தை அமுக்கினார். அதற்குள் பலகை தலைக்கு வைத்திருந்த கையை இறக்குகிற சாக்கில் பட்டாணியை உள்ளே தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லையே. இருமுங்க. தலையைத் தூக்குங்க. ஒண்ணுமே இல்லையே!" என்ற டாக்டர், துறைத்தலைவி பக்கம் திரும்பினார். "போன தடவை கட்டின்னு சொன்ன பொண்ணு இதுதானே? இதே வயித்துலதானே?"

"ஆமா" என்றார் துறைத்தலைவி, தரையைப் பார்த்தபடி.

டாக்டர் கெட்டவர் இல்லை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்தவர், எழுதாமல் ஐஸைப் பார்த்தார். "இங்க பாரும்மா. இல்லாததை இருக்குன்னு சொல்றது, இருக்கறதை விட்டுடறதைவிட மோசம். நல்லா இருக்கற ஆளைக் கத்திக்கு அனுப்பிடுவ. அவசரம் இல்ல, யோசிச்சுச் சொல்லு. இருக்கா, இல்லையா?"

'இல்லைன்னு சொல்லிடும்மா' என்று பலகை மனசுக்குள் அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். ஒரு வார்த்தைதான். சொன்னால் அவளும் பாஸ், நானும் பாஸ். அவள் டாக்டராகி நூறு பேரைக் காப்பாற்றட்டும், நான் என் கட்டிலில் கிடந்துவிட்டுப் போகிறேன், யாருக்கு என்ன நஷ்டம்? ஐஸின் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கும் அந்த ஒரு வார்த்தை எவ்வளவு சுலபம் என்று தெரிந்துதான் இருந்தது.

"இருக்கு சார்" என்றாள். "கையில பட்டுச்சு. எப்படி இல்லைன்னு சொல்றது?"

டாக்டர் பெருமூச்சு விட்டுத் தாளை நிமிர்த்தினார். பென்சில் மூன்றாம் கட்டிலுக்கு நேரே போய் நின்றது.

போன தடவை இந்தப் பெண் அழுதுகொண்டே வெளியே போனபோது, சிரித்தவர்களில் தாமும் ஒருவர் என்பது பலகைக்கு அப்போது போய் ஞாபகம் வந்து தொலைத்தது. பெயிண்ட் அடித்த காலத்தில், விரிசலைச் சுரண்டாமல் மேலாகப் பட்டி பார்த்துப் பூசிவிட்டுப் போகிற ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "மழைக்கு முன்னாடி காசை வாங்கிட்டு ஓடுற பயலுக" என்று திட்டித் தீர்ப்பார். ஆறு மாதமாகத் தாம் பார்த்துக்கொண்டிருப்பதும் அதே பட்டிதான். அதோடு விடவில்லை, சுவரில் விரிசல் இருக்கிறது என்று சரியாகச் சொன்ன பெண்ணைப் பொய்க்காரி ஆக்கப் பார்த்தாயிற்று. சே, நானும் ஒரு மனுஷனா என்று அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

யாரும் கேட்கவில்லை. விதிமுறைப்படி கேட்காமல் தூக்கவே கூடாது. பலகை தலையைத் தூக்கினார். மோவாய் வித்தை இல்லை. தலை, கழுத்து, தோள், முதுகில் பாதி எல்லாம் கட்டிலை விட்டு எழும்பியது. நூற்று ஏழாவது தடவை எழுந்தாரே, அதே எழல். நெட்டைத் தசைகள் இரண்டும் பழைய நாள் மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவில், எல்லோரும் பார்க்க, பட்டாணி டக்கென்று வெளியே வந்து உட்கார்ந்தது.

டாக்டர் குனிந்தார். விரலால் தொட்டார், உள்ளே தள்ளினார், விட்டார், அது மறுபடி வந்தது. துறைத்தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டினார். காலையில் 'இயல்பு' என்று சொல்லி முழு மார்க் வாங்கிய பதினோரு பேரின் வரிசை டாக்டரின் தாளில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, பன்னிரண்டாவது 'இயல்பு' துறைத்தலைவியின் கையெழுத்தோடு ரெஜிஸ்டரில் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள். ஐஸ் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பலகையின் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. முகம் சிவந்து, தோள் வெடவெடவென்று ஆடியது.

"போதும், தலையை வைங்க" என்றார் டாக்டர்.

"எழுதிட்டீங்களா சார்?"

"என்ன?"

"அந்தப் பொண்ணுக்கு மார்க்கு. எழுதிட்டீங்கன்னா சொல்லுங்க, கழுத்து வலிக்குது."

டாக்டர் எழுதினார். எழுதியதைப் பலகையின் மூக்குக்கு நேரே பிடித்தும் காட்டினார். அப்புறம்தான் தலை தலையணைக்குப் போயிற்று.

பதினோரு பேர் விவகாரத்தை ஒரு கமிட்டி போட்டு அலசினார்கள்; அது தனிக் கதை. துறைத்தலைவி அன்று மாலையே பலகையை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சிரிப்பதைப் போலவே யோசித்து யோசித்துத் திட்டினார். பாதித் திட்டு தனக்கே என்பதை அவர் மறைக்கவில்லை. பிறகு ரெஜிஸ்டரைத் திறந்து மூன்றாம் கட்டிலுக்கு எதிரே இருந்த 'இயல்பு' என்ற வார்த்தையை ஒரே கோட்டில் அடித்தார். அந்தக் கோடு, தன் வயிற்றில் இழுத்த எந்தக் கோட்டையும்விடப் பலகைக்கு உறைத்தது. ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். தழும்பு இருக்கிற வயிறு ஐந்தாம் கட்டிலுக்குத் தேவைப்படலாம் என்றும், ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். "வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டபோது, பலகை சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பேக்கரியைத் திரும்பிப் பார்க்காமல் சலவைக் கடைக்குப் போனார். உலரப் போட்டிருந்த வெள்ளைத் துணிகளுக்கு அந்தப் பக்கம் மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சீட்டை நீட்டினார். அவள் படித்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பேனா ஒழுகுச்சுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"காட்டுங்க."

சட்டையைத் தூக்கினார். அவள் கையை வைத்தாள். அத்தனை நேரம் இஸ்திரி போட்ட கை, நல்ல சூடாக இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ கை பட்ட இடம்தான். பழக்க தோஷத்தில் பலகை மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே பிடித்துக்கொண்டார். அவள் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"எங்கிட்டயுமா? விடுங்க மூச்சை."

விட்டார். அத்தனை பன்னும் தெரிய வயிறு சாவகாசமாக முன்னுக்கு வந்து அவள் உள்ளங்கையை நிறைத்தது. அவள் அதைப் பார்த்தாள், சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள், முடியாமல் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். கை மட்டும் அங்கேயே இருந்தது. பலகையும் வயிற்றை உள்ளே இழுக்கவில்லை.